ஆ செங்குடன் இன்னொரு ஓட்டம்

வரிசை நகரவில்லை. மழை சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனதுதான், ஆனாலும் இரண்டு தடத்தையும் நனைத்துவிட்டது. மஞ்சள் சட்டைக்காரர்கள் காற்றூதும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், வருகிறார்கள், ஈரம் ஓரமாக ஓடி ஒளிந்துகொள்கிறது. எனக்கு முன்னால் நாலைந்து பிக்கப்புகள். அதற்கு முன்னால் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வளைவே இல்லாத கால் மைல், விமானம் இறங்கி எவ்வளவோ வருஷமான ஓடுபாதை, இரண்டு பக்கமும் இடுப்பளவு லாலான் புல். இரண்டு வண்டிகள் அக்கம்பக்கமாக நிற்கும், விளக்கு பச்சையானால் பாயும், கடைசிக் கோட்டை எது முதலில் தாண்டுகிறதோ அது ஜெயித்தது. இவ்வளவுதான் விளையாட்டு என்று மகளிடம் சொன்னபோது, "இதுக்காம்மா இந்தப் பாடு?" என்று கேட்டாள். இதுக்குத்தான். நாற்பத்தெட்டு வயதில், தலைக்கவசத்துக்குள் வேர்த்து வழிய, ஒரு காலத்தில் முட்டைக்கோஸ் ஏற்றிய பிக்கப்புக்குள் இறுக்கிக் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். வார் தோளை அழுத்துகிறது. அழுத்தட்டும். தோள் இருக்கிறது, அதனால் அழுத்துகிறது. டீசல் வாசனை, நனைந்த புல் வாசனை, யாரோ பொரிக்கிற வாழைப்பழ வாசனை, எல்லாம் ஒன்றாக வருகிறது, எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கிறேன், மூக்கும் இருக்கிறது. வலது பக்கத்து வரிசையில் எனக்கு நேராக ஒரு வெள்ளை பிக்கப். அதற்குள் ஆ செங். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். ஸ்டியரிங்மேல் வலது கையை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கை. உள்ளே இரும்புத் தகடும் திருகாணியும் வைத்துத் தைத்த கை. இங்கிருந்து தழும்பு தெரியாது, சட்டைக் கை மூடியிருக்கும், ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே வளைந்து எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நான் வரைந்து காட்டுவேன். என்னால் ஒடிந்த கை என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காக ஒடிந்த கை என்று இப்போது நினைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வருஷம் போயிருக்கிறது.

பிக்கப் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. பின்னால் பாரம் இருந்தால் அதைப் போல அடக்கமான வண்டி கிடையாது. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்குகிற பாதையில், கோஸும் தக்காளியும் தலைக்கு மேல் அடுக்கி, மழையில், வளைவுக்கு வளைவு, எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன், ஒரு நாள் வழுக்கியதில்லை. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் அதற்குக் கிறுக்குப் பிடிக்கும். எஞ்சின் முன்னால், கனமெல்லாம் மூக்கில், தள்ளுகிற சக்கரங்களோ பின்னால், அவற்றின் மேல் காலித் தொட்டி, வெறும் காற்று. கொஞ்சம் அதிகம் மிதித்தால் பின்பக்கம் தனியாக ஆடத் தொடங்கும். சாதாரண வண்டிக்கே அப்படி என்றால் இதற்குச் சொல்லவே வேண்டாம். என் வீட்டுக்காரர் சீலன், குணசீலன், பட்டறையில் மாதக்கணக்காகக் குனிந்து கிடந்து இதற்குள் ஒரு பெரிய டீசல் எஞ்சினை இறக்கினார், அதற்குள் காற்றை ஊதித் திணிக்கிற டர்போவை மாற்றினார், எதையெதையோ மாற்றினார். பலம் ஏறிக்கொண்டே போனது. பலத்தைத் தரையில் இறக்குவதற்கு மட்டும் அதே இரண்டு டயர்தான், தரையைத் தொடுவது அதில் கையகலம் ரப்பர்தான். பின் அச்சுக்கு மேல் இரும்புத் தகடு வைத்துத் திருகினார். காற்றைக் குறைத்து டயரைத் தொளதொளவென்று ஆக்கினார். பின் அச்சைத் தாங்குகிற பட்டை விற்களை மாற்றினார். ஒவ்வொரு தடவையும், "இப்ப பிடிக்கும் லீலா, பாரேன், பிடிக்கும்" என்பார். ஓட்டுகிற ஆசை அவருடையதுதான். பட்டறையில் தெறித்த இரும்புத் துகள் அவருடைய ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட்டது, அதற்குப் பிறகு தூரம் பிடிபடவில்லை. ஒரு நாள் சோதித்துப் பார்க்க என்னை உட்கார வைத்தார். நான் இறங்கி வந்தபோது அவர் முகத்தில் என்ன இருந்தது? பொறாமை இல்லை. தொலைந்துபோன சாமானை அடுத்த வீட்டில் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். "ஒனக்குக் காலு தெரியுது லீலா" என்றார். காலு தெரிகிறது என்றால் எவ்வளவு மிதிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று உள்ளங்காலுக்கே தெரிகிறது என்று அர்த்தம். அந்த வார்த்தையை இப்போதும் வைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்குக் கொடுத்ததிலேயே பெரிய நகை அதுதான்.

போன வருஷம் எனக்கு விழுந்ததும் இதே இடது தடம்தான். வலது தடத்தில் ஆ செங். இதே மாதிரி ஒரு மழை பெய்து விட்டிருந்தது. காய்ந்துவிட்டது என்று கொடி காட்டினார்கள், நாங்களும் நம்பினோம், யாரையும் குறை சொல்ல முடியாது, பாதிக்கு மேல் ஓரிடத்தில் தரை லேசாகக் குழிந்திருக்கிறது, அதில் ஒரு படலம் ஈரம் கிடந்தது. மூன்றாவது கியர் விழுந்ததும் டர்போ முழுசாக ஊதுகிற நேரமும் அந்த ஈரத்தில் டயர் பட்ட நேரமும் ஒன்றாகிவிட்டன. எஞ்சின் சத்தம் திடீரென்று உயர்ந்தது, வண்டி மட்டும் வேகமாகவில்லை. அந்தச் சத்தம். பிடி விட்டுப்போன சத்தம். பின்பக்கம் இடப்பக்கமாக விலகியது, மூக்கு வலப்பக்கம் திரும்பியது, நான் திருப்பாமலே திரும்பியது, பிறகு ஓடுபாதை எனக்கு முன்னால் இல்லை, புல்தான் இருந்தது, வானம் இருந்தது, வண்டி குறுக்காக ஆ செங்கின் தடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கதவு. என் வலது பக்கத்துக் கதவு, நான் உட்கார்ந்திருக்கிற பக்கத்துக் கதவு, அது அவர் வண்டியின் மூக்குக்கு நேராக நின்றது. அந்தக் கதவு வழியாக அவர் வருவதைப் பார்த்தேன். வெள்ளையாக, பெரிசாக, இன்னும் பெரிசாக. பயம்கூட வரவில்லை, ஓ இதுதானா என்று மட்டும் தோன்றியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தோமோ என்றுகூடத் தோன்றியது, சத்தியமாக. பிறகு அந்த வெள்ளை அங்கே இல்லை. புல்லுக்குள் போய்விட்டது. பிரேக் பிடித்தால் நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, இடது பக்கம் நான் இருக்கிறேன், வலது பக்கம் புல், புல்லுக்கு அப்புறம் வாய்க்கால். அவர் வலது பக்கம் திருப்பினார். அவர் உட்கார்ந்திருக்கிற பக்கம். என் வண்டி சுற்றிச் சுற்றி அதுவாக நின்றது, எனக்கு ஒரு கீறல் இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டதில் கொஞ்சம் ரத்தம். அங்கே வாய்க்காலில் அவர் வண்டி தலைகீழாகக் கிடந்தது, சக்கரம் நாலும் மேலே சுற்றிக்கொண்டிருந்தன, பிடிக்கத் தரையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அவரை வெளியே இழுத்தபோது முதலில் அவர் தமிழில்தான் கத்தினாராம். "லீலா எப்படி இருக்கு? லீலாவைப் பாருங்கடா!" இழுத்தவர்கள் மலாய்க்காரர்கள், ஒன்றும் விளங்கவில்லை, என் பெயர் மட்டும் விளங்கியிருக்கிறது, ஒருவர் என்னிடம் ஓடி வந்து, "அவர் உன்னைத்தான் கூப்பிடுறார்" என்றார்.

ஆ செங் சீனர்தான், ஆனால் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருடைய அப்பா தோட்டத்துக்குள்ளேயே மளிகைக்கடை வைத்திருந்தார், சுற்றிலும் தமிழர் வீடுகள், பேசத் தொடங்கியதே தமிழில்தான் என்பார், கோபம் வந்தால் இன்றைக்கும் தமிழ்தான் முதலில் வரும் என்பார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு படுத்துக்கொண்டு, "என்ன தங்கச்சி, அழுவுற? நீயா தள்ளிவுட்ட? தண்ணி தள்ளிச்சு. போ, போய்ச் சாப்புடு" என்றார். நான் என்ன சொல்வது? நன்றி என்றா? அது வானொலியில் சொல்கிற வார்த்தை, மேடையில் மாலை போட்டுவிட்டுச் சொல்கிற வார்த்தை. நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் வாயால் அதைச் சொல்லிக்கொள்கிறோமா? கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி சூக் மெய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு தெரியும்படி உட்கார்ந்துகொண்டார். அந்த முதுகை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் மலையிலிருந்து இறங்குகிற லோரியில் அவர்கள் வீட்டுக்கு ஒரு கூடை காய் எடுத்து வைத்தேன். கோஸ், தக்காளி, இளசாகப் பார்த்துக் கீரை, சோளம். வாயால் வராததைக் கூடையில் வைத்தேன். வாசல் கதவில் மாட்டிவிட்டு மணியை அடித்துவிட்டு ஓடி வந்துவிடுவேன், திருடிபோல. ஆ செங் போனில், "தங்கச்சி, நாங்க ரெண்டு பேரு, எங்களுக்கு மாட்டு வயிறா இருக்கு?" என்று கேட்டார். நான் நிறுத்தவில்லை. ஒரு வாரம் போனபோது, நான் மாட்டுகிற இடத்தில் என் பழைய கூடை காலியாகத் தொங்கியது, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து. சூக் மெய்யின் கை. ஒரு வார்த்தை இல்லை, ஆனால் கழுவியிருந்தார். மலைக்கு ஏறுகிற வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

முன்னால் ஒரு ஜோடி கிளம்பிவிட்டது, கரும்புகை, காது அடைக்கிறது, நெஞ்சுக்கூடு அதிர்கிறது. வரிசை நகர்கிறது. கிளட்சை விட்டு ஒரு வண்டி நீளம் உருண்டு நிற்கிறேன். வலது பக்கத்தில் அவரும் உருண்டு நிற்கிறார். திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்குகிறார், சிரிக்கிறார், எப்போதும் அதே சிரிப்பு, நோயாளியைப் பார்க்க வந்தவர் சிரிக்கிற மாதிரி, விழுந்தது நான்தான் என்கிற மாதிரி. இந்த ஒரு வருஷத்தில் எனக்குக் கிடைத்தவை எல்லாம் அவர் கொடுத்தவை. மகளுக்குப் பிரசவ வலி வந்தபோது அவள் பிடித்துக்கொள்ள என் கை இருந்தது. பேத்தி பிறந்து, கொழகொழவென்று, தாத்தா மூக்கோடு, என் மடியில் தும்மினாள். சீலன் தூக்கத்தில் பேசுவது, காலையில் அவர் கலக்குகிற தண்ணிக் காப்பி, மலைமேல் பனி விலகும்போது தெரிகிற கோஸ் பாத்திகள், எல்லாம். நடுவில் கடைவாய்ப் பல் வலித்து இரண்டு வாரம் உயிரை வாங்கியது, அதற்கும்கூட, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இதுவும் கணக்கில் இல்லாமல் வந்ததுதானே என்று தோன்றிச் சிரித்தேன், சிரித்தால் இன்னும் வலித்தது. ஒரு மனுஷன் சக்கரத்தை இந்தப் பக்கம் திருப்பாமல் அந்தப் பக்கம் திருப்பினான், அதனால் எனக்குப் பல் வலிக்கிறது. இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கோஸில் முடியுமா? அதனால்தான் நேற்றுக் குலுக்கலில் என் பெயரும் அவர் பெயரும் ஒன்றாக வந்தபோது, ஒரு யோசனை வந்தது, வந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது. தோற்றுவிடலாம். யாருக்கும் தெரியாது. பாதி வழியில், அந்தக் குழிவுக்கு முன்னால், காலை லேசாக எடுத்துவிட்டால் போதும், அவர் போய்விடுவார், கை ஒடிந்த பிறகு அவருக்குக் கிடைக்கிற நல்ல ஜெயிப்பாக இருக்கும். எனக்கும் அந்த ஈரத்தில் வேகமாகப் போக வேண்டியதில்லை. இதில் அவருக்கு எவ்வளவு, என் பயத்துக்கு எவ்வளவு? தெரியவில்லை. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். சீலனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் பாவம், டயர் டயராகக் குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சூடு ஏறியிருக்கிறதா என்று கன்னத்தைத் தொடுகிற மாதிரி புறங்கையால்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். சீலன் என்று திரும்பினால் சூக் மெய். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். ஒரு வருஷமாக முதுகை மட்டும் காட்டிய மனுஷி. திட்டப்போகிறார், போகாதே என்று சொல்லப்போகிறார், என் புருஷன் பக்கத்தில் உன் வண்டி வரக்கூடாது என்று சொல்லப்போகிறார், சொன்னால் இறங்கிவிடுவேன், சந்தோஷமாக இறங்கிவிடுவேன். ஜன்னலை இறக்குகிறேன். அவருக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசுவார். "லீலா, நீ மெதுவா ஓட்டப் போறியா?" என்று கேட்கிறார். "இல்லையே. யார் சொன்னா?" என்கிறேன். "யாரும் சொல்லல. நீ வாரா வாரம் காய் கொண்டாந்து மாட்டிட்டு ஓடற ஆளு. உன் மொகத்தப் பாத்தா தெரியுது." ஆ செங் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார். "கை ஒடிஞ்சதுக்கு அவர் அழல. தெரியுமா? கை சரியாகி, முதல் தடவை ஓட்ட வந்தாரு. எதிர்ல ஓட்டினவன் பாதியில வேகத்தக் குறைச்சு அவர ஜெயிக்க விட்டான். அடுத்த தடவை இன்னொருத்தன். எல்லாரும் தோளத் தட்டினாங்க. வீட்டுக்கு வந்தாரு, காடிய நிறுத்தினாரு, உள்ளயே உக்காந்திருந்தாரு. சோறு ஆறிப்போச்சு. போய்ப் பாத்தேன். அப்பதான் அழுதாரு." எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கிறது. "நீயும் அப்படிச் செஞ்சா, இந்த வண்டிய வித்துடுவாரு. வித்துட்டு என் எதிர்ல டிவி பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. எனக்கு அது வேணாம். நீ ஓட்டுற மாதிரி ஓட்டு." போகத் திரும்புகிறார். என்னையறியாமல் கேட்டுவிடுகிறேன், "அப்ப என்மேல உங்களுக்குக் கோபம் இல்லையா அக்கா?" நின்று, துண்டைச் சரிசெய்துகொண்டு சொல்கிறார். "இருக்கு. இன்னும் இருக்கு. அது வேற, இது வேற." போய்விடுகிறார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்களோடு ஆளாக நின்றுகொள்கிறார். பொய் சொல்லாத மனுஷி. இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இருக்கு என்றார், அதனால் மற்றதையும் நம்புகிறேன். நம்புவதால் மாட்டிக்கொண்டேன். என் யோசனை போய்விட்டது, பயம் மட்டும் தனியாக நிற்கிறது, ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பும் இல்லாமல்.

சீலன் வந்து ஜன்னலில் தலையை விடுகிறார். நல்ல கண் என்னைப் பார்க்கிறது, மற்றக் கண் எங்கேயோ. "அந்தக் குழிவுகிட்ட நடந்து பாத்துட்டு வந்தேன்" என்கிறார். "காஞ்சிருக்கா?" "காஞ்சிருக்கு. காஞ்ச மாதிரி இருக்கு." பொய் சொல்ல வராது இவருக்கும். "லீலா, பயமா இருந்தா விட்டுடலாம். நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்." இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், எத்தனை மாதம் குனிந்து கிடந்த முதுகு. "பிடிக்குமா?" என்று கேட்கிறேன். அவர் டயரைப் பார்க்கிறார், தடத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "வழுக்கும். கொஞ்சம் வழுக்கும்லா. நீ பயந்து சட்டுனு விட்டா தூக்கி அடிக்கும், பயந்து மிதிச்சாலும் தூக்கி அடிக்கும். மயிரளவு விட்டுப் பாரு, அதுவா பிடிச்சுக்கும்." இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பிடிக்கும் என்று சொல்லாமல் வழுக்கும் என்று சொல்கிறார். எனக்கு அழுகை வருகிறது, தலைக்கவசத்துக்குள் கண்ணைத் துடைக்க முடியாது. போங்க என்று கையைக் காட்டுகிறேன்.

மஞ்சள் சட்டைக்காரர் கூப்பிடுகிறார். தண்ணீர் தெளித்த பள்ளத்தில் பின்சக்கரத்தை விட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மிதிக்கிறேன், டயர் நின்ற இடத்தில் சுற்றுகிறது, வெண்புகை, ரப்பர் கருகுகிற வாசனை, டயரின் மேல்தோல் உருகிப் பிசுபிசுப்பாகிறது, அப்போதுதான் தரையைப் பற்றும். கோட்டுக்கு முன்னால் பசை மாதிரி ஒன்றைத் தெளித்திருக்கிறார்கள், நடந்து போகிறவர்களின் செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. இங்கே ஒட்டும். அங்கே, பாதிக்கு மேல், ஒட்டாது. மெல்ல உருட்டிக் கோட்டில் வைக்கிறேன். வலது கண்ணின் ஓரத்தில் வெள்ளை. அவரும் வைத்துவிட்டார். கதவு என்று மனசு சொல்கிறது. கதவு, கதவு. சும்மா இரு. கடவுளே என்று தொடங்குகிறேன், என்ன கேட்பது என்று தெரியவில்லை, கேட்க ஒன்றும் இல்லை, எல்லாம் கொடுத்தாகிவிட்டது, ஒரு வருஷம் முழுசாகக் கொடுத்தாகிவிட்டது, பேத்தியின் தும்மல் உட்பட. எஞ்சினை ஏற்றிப் பிடிக்கிறேன், டர்போ விசிலடிக்கத் தொடங்குகிறது. மஞ்சள். மஞ்சள். மஞ்சள். பச்சை.

முதுகில் யாரோ உதைக்கிறார்கள். பசை பிடிக்கிறது, மூக்கு தூக்குகிறது, தொட்டி கீழே அமர்கிறது, நல்லது, உட்கார், நல்லா உட்கார். இரண்டாவது கியர். பின்பக்கம் நெளிகிறது, விடாதே, நேராகிவிட்டது. வெள்ளை எங்கே? இருக்கிறது, என் தோளுக்கு நேராக, அரை மூக்கு முன்னால், சத்தம் அவருடையது எது என்னுடையது எது என்று தெரியவில்லை. மூன்றாவது. இங்கேதான். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கவில்லை, எலும்பெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சத்தம் உயர்கிறது. அதே சத்தம். பிடி விட்டுப்போன சத்தம். பின்பக்கம் இடது பக்கம் விலகத் தொடங்குகிறது, இருக்கையின் அடியில் உணர்கிறேன், கால் முழுசாக மேலே வரத் துடிக்கிறது, என் பயமெல்லாம் வலது பாதத்தில் வந்து நிற்கிறது, தூக்கு தூக்கு என்கிறது. தூக்கவில்லை. மயிரளவு. தூங்குகிற குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை எடுப்பதுபோல் மயிரளவு. விரலால் ஸ்டியரிங்கை இடது பக்கம் கேட்டுக்கொள்கிறேன், திருப்பவில்லை, கேட்டுக்கொள்கிறேன். ஒரு கணம் வண்டி எந்தப் பக்கமும் இல்லை. தரையிலும் இல்லை. பிறகு டயர் தரையைப் பற்றிய அதிர்ச்சி இடுப்பில் வந்து விழுகிறது, சத்தம் கனக்கிறது, மூக்கு நேராகக் கடைசிக் கோட்டைப் பார்க்கிறது, நான் மிதிக்கிறேன், எல்லாவற்றையும் சேர்த்து மிதிக்கிறேன், அவருக்காக இல்லை, சூக் மெய்க்காக இல்லை, சீலனுக்காகக்கூட இல்லை, கால் தெரிகிறது, அதனால் மிதிக்கிறேன். வெள்ளை ஜன்னலில் வருகிறது, போகிறது, வருகிறது. கோடு.

வேகம் இறங்க இறங்க உலகம் திரும்பி வருகிறது, புல், கம்பம், கொக்கு ஒன்று. யார் முதலில் என்று தெரியவில்லை. ஜெயித்தது யார் என்று காட்டுகிற பலகை எனக்குப் பின்னால் போய்விட்டது. ஓடுபாதையின் முடிவில் திரும்புகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, வாரைக் கழற்றி, கால் தரையில் படுகிறதா என்று பார்த்து இறங்குகிறேன். ஆ செங்கின் வண்டி வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. அவர் இறங்குகிறார். சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றித் தரையில் அடிக்கிறார். பின்டயரை ஓங்கி ஓர் உதை உதைக்கிறார், கால் வலித்திருக்கும், நொண்டிக்கொண்டே என் பக்கம் வருகிறார், முகமெல்லாம் சிவந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. "என்னா பண்ண? ஏய், மூணாவது கியர்ல என்னா பண்ண நீ?" "ஒன்னும் பண்ணலண்ணே. கொஞ்சம் விட்டேன்." "விட்டியா? விட்டா எப்படி முன்னால வருவ? நான் முன்னால இருந்தேன்! மூக்கு என்னுது முன்னால இருந்துச்சு!" "தெரியும்ண்ணே." "தெரியும்ண்ணே தெரியும்ண்ணேன்னா?" என் குரலை நக்கல் செய்கிறார். "எனக்கு அந்த எடத்துல டயரு சுத்திருச்சு. ஒனக்கும்தான சுத்துச்சு? பாத்தேன், ஒன் பின்னாடி ஆடுறதப் பாத்தேன், சரி, இது விட்டுரும்னு நெனைச்சேன். சனியன், விடல!" ஜெயித்தது நான்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று புரிந்துகொண்டிருக்கிறது, மெதுவாக, வயிற்றிலிருந்து மேலே ஏறிக்கொண்டு. இந்த மனுஷர் என்மேல் கோபப்படுகிறார். ஒரு வருஷமாக அழுவுறியா, சாப்புட்டியா என்று கேட்டவர், சிரித்துச் சிரித்து என்னைப் பஞ்சில் பொதிந்து வைத்தவர், நிஜமாகவே, வாயோரம் எச்சில் தெறிக்க என்மேல் கோபப்படுகிறார். அவர் காப்பாற்றிய ஆள் இல்லை நான் இப்போது. அவரைத் தோற்கடித்த ஆள். "அடுத்த மாசம் வருவேல்ல?" என்று விரலை நீட்டிக் கேட்கிறார், அந்த வலது கையின் விரல், நடுங்காமல் நேராக நிற்கிறது. "வருவேன்." "வா. வந்து பாரு. கை குடுக்க மாட்டேன் இன்னிக்கு. போ." தரையில் கிடந்த கையுறையை எடுத்து உதறி, வண்டியில் ஏறி, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போகிறார்.

புகை கலைகிறது. திரும்பு பாதையில் சீலன் ஓடி வருகிறார், ஒரு கண்ணோடு, தூரம் பிடிபடாமல், புல்லில் தடுக்கித் தடுக்கி. வந்து மூச்சு வாங்க என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவருக்கு விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. "என்ன லீலா? ஆ செங் என்ன சொல்லிட்டுப் போறாரு?"

"திட்டினாருங்க" என்கிறேன். "நல்லாத் திட்டினாரு."